அளந்ததை எழுத விடுங்கள்: அறிவியல் கல்விக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறையிடம் அறிவியல் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

11ஆம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை நடக்கிறது. 1 மீட்டர் நூலில் தொங்கும் குண்டு 20 முறை அலைய ஏறக்குறைய 40 விநாடி ஆகும். கடிகாரத்தை நிறுத்துவதில் ஒரு விநாடி பிந்தினால் போதும், புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 9.4க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அறிவியல் தொடங்க வேண்டிய இடம் இதுதான். நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைச் சேர்த்தோமா? அலைவை எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம்? இன்னொரு முறை எடுத்தால் என்ன வரும்? ஆனால் ரெக்கார்டு நோட்டுகளில் 9.4 இருப்பதில்லை. 9.8 வரும்படி ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். கண்ணால் கண்டதை மறைத்து, எதிர்பார்க்கப்படுவதை எழுதும் பழக்கம் அறிவியல் வகுப்பிலேயே உருவாகிறது. இதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே செய்முறைத் தேர்வின் மதிப்பெண் முறையை மாற்றக் கோருகிறோம். எடுத்த ரீடிங் அனைத்தும் பேனாவில் எழுதப்பட வேண்டும். தவறானதைக் கோடிட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. அளவீட்டைத் திரும்ப எடுத்ததற்கும், பிழை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று விளக்குவதற்கும் மதிப்பெண் தர வேண்டும். விடை 9.8ஐ எவ்வளவு நெருங்கியது என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட வேண்டாம். 10ஆம் வகுப்பில் செய்முறைக்கு உள்ள 25 மதிப்பெண்ணை எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கும் சலுகையாக வைத்திருப்பதும் மாணவருக்குச் செய்யும் உதவி அல்ல.

அதே வகுப்பின் எழுத்துத் தேர்வுக்குரிய 75 மதிப்பெண்ணில் குறைந்தது 15, பாடநூலில் இல்லாத தரவைக் கொடுத்துக் கேட்கும் வினாக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். புக் பேக் வினாக்களை மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்ற நிலை இருக்கும்வரை, எந்தப் பயிற்சி முகாமும் வகுப்பறையை மாற்றாது. பிசா பன்னாட்டு மதிப்பீட்டில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன; 2011 இறுதியில் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தன. அந்தத் தேர்வு கேட்டது, அறிமுகமில்லாத ஒரு சூழலைப் படித்து, சான்றை எடைபோட்டு முடிவுக்கு வருவதை. நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை, அப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் நாம் கேட்டதே இல்லை.

கேட்காததன் விலையையும் பார்த்துவிட்டோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் ஊசி வேண்டாம் என்றார்கள். தடுப்பூசி பற்றிய பாடத்தைப் பள்ளியில் படித்துத் தேறியவர்களும் அவர்களில் உண்டு. ‘தடுப்பூசி என்றால் என்ன?’ என்று கேட்கும் வினாத்தாள், அப்படி ஒரு செய்தியையே அச்சிட்டு, ‘இதை நம்புவதற்கு முன் என்னென்ன கேட்டறிவாய்?’ என்றும் கேட்கட்டும். காரணத்தோடு எழுதிய மாற்று விடைகளை ஏற்கும்படி விடைக்குறிப்பும் அமையட்டும்.

இதற்கெல்லாம் ஆளும் நேரமும் வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பல இடங்களில் ஒரே பட்டதாரி ஆசிரியர் சுமக்கிறார். ஆய்வக உதவியாளர் பணியிடங்களை நிரப்புங்கள். வேதிப்பொருள் வாங்க ஆண்டுத் தொடக்கத்திலேயே பணம் வரட்டும். ஆய்வக நேரத்தைச் சிறப்பு வகுப்புக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலைச் செய்து பார்த்துக் கற்க 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல முயற்சி. அது 9, 10ஆம் வகுப்புகளுக்கும் வர வேண்டும்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இன் 42ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதியது. அதைச் செய்துகாட்ட ஒரு நாள் வருகிறது: 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை, தமிழ்நாட்டில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். அன்று பிள்ளைகளை வகுப்பறைக்குள் பூட்டிவைக்காதீர்கள், முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பள்ளிதோறும் சூரிய வடிகட்டிக் கண்ணாடிகளைக் கொடுங்கள். கிரகணத்தின்போது தட்டில் உலக்கை தானாக நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். கேலி செய்ய வேண்டாம், தடை போடவும் வேண்டாம். முந்தைய வாரத்திலேயே ஓர் உலக்கையைக் கொண்டுவந்து பிள்ளைகளே நிறுத்திப் பார்க்கட்டும். தட்டையான அடிப்பாகம் இருந்தால் எந்த நாளிலும் அது நிற்கும். கிரகண நாளிலும் நிறுத்தி, இரண்டையும் ஒப்பிட்டு, பார்த்ததை அவர்களே எழுதட்டும்.

தேர்வு மாற்றங்களை ஆண்டின் நடுவில் திணிக்க வேண்டாம். மாதிரி வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே வெளியிடுங்கள். அவற்றைத் தயாரிக்கும் குழுவில் வகுப்பெடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். காலாண்டுத் தேர்விலேயே இந்த வினாக்களை வைத்துப் பார்த்து, பிள்ளைகள் எழுதிய விடைகளை எங்களோடு உட்கார்ந்து படித்த பிறகு பொதுத்தேர்வுக்குக் கொண்டுசெல்லுங்கள்.