மழலையின் மூச்சை எண்ணுக

கொரோனாக் கிருமி புதியதோர் உருமாற்றம் பெற்றது என்னும் செய்தி வருந்தோறும், குழந்தைகள் உள்ள இல்லங்களில் கவலை குடிபுகுகின்றது. ஊரிலுள்ள பாட்டிமார் தொலைபேசியில் பதைக்கின்றனர். அண்டை வீட்டார் ஆளுக்கொரு மருந்து சொல்கின்றனர். அன்பர்கட்கு இது குறித்துச் சில கூற விழைகின்றோம்.

2021 நவம்பரில் ஓமிக்ரான் என்று பெயர் பெற்ற உருமாற்றம், முந்திய டெல்டாவைப் போல நுரையீரலை அத்துணை தாக்காமல், மேல் மூச்சுக்குழாயையே பெரிதும் பற்றியது. வளர்ந்தோர்க்கு இஃது ஆறுதலே. குழந்தையின் மூச்சுக்குழாயோ இயல்பிலேயே குறுகியது. சற்று வீங்கினும் காற்றின் வழி நெருக்குண்ணும். ஆதலின் 2022-இல், நாய் குரைப்பது போன்ற இருமலோடு பல குழந்தைகள் மருத்துவமனைகட்குக் கொண்டுவரப்பட்டனர். 2023 ஏப்ரலில் ஓமிக்ரானின் கிளையாகிய எக்ஸ்.பி.பி. 1.16 நம் நாட்டில் பரவியபோது, காய்ச்சலோடு கண் சிவந்து பீளை கட்டுவதையும் குழந்தை மருத்துவர்கள் கண்டனர். பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில் நலமுற்றனர்.

கிருமியின் பெயர் மாறலாம். பெற்றோர் நோக்க வேண்டிய குறிகள் மாறா. குழந்தை அமைதியாக இருக்கையில், வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுக. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, ஓராண்டு நிரம்பாததற்கு 50, ஐந்தாண்டு நிரம்பாததற்கு 40. இவ்வளவோ இதற்கு மேலோ மூச்சு ஓடுமாயின் உடனே மருத்துவரை நாடுக. விலாவிடையே தோல் உள்வாங்குதல், அழாதபோதும் மூச்சிழுக்கையில் ஓசை எழுதல், உதடு நீலம் பாரித்தல், பால் குடியாமை ஆகியவை கண்டால், நள்ளிரவாயினும் பொழுது விடியட்டும் என்றிருத்தல் ஆகாது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றே போதும், அன்றே மருத்துவரிடம் காட்டுவதற்கு. நோய் தணிந்து இரண்டு முதல் ஆறு வாரங்களில் மீண்டும் காய்ச்சலும் தடிப்பும் வயிற்றுவலியும் தோன்றினாலும் அவ்வாறே செய்க. ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாகக் கொடுத்தல் வேண்டா.

வேற்று மொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு இன்னும் ஒன்றுண்டு. பதைப்பில் மருத்துவர் முன் சொல் கிடையாமல் தாய்மார் தவிக்கின்றனர். குழந்தையின் எடை, காய்ச்சல் தொடங்கிய நாள், அதன் அளவு, நிமிடத்து மூச்சு, சிறுநீர் கழித்த தடவை ஆகியவற்றைத் தாளில் எண்ணாற் குறித்து, கொடுத்த மருந்தின் புட்டியையும் உடன் கொண்டு செல்க. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டா. மருத்துவர் கண்டவுடன் உணர்ந்து கொள்வார்.