மலையிறங்கி வரும் முதலாண்டு

கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டால் நம் குடும்பங்களில் ஒருவகை அமைதி குடிகொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையின் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எண்ணிக்கொண்டிருந்த தந்தை, சேர்க்கைக் கட்டண இரசீதைப் பெட்டியில் பத்திரப்படுத்தியதும் “இனி அவன் பாடு” என்று பெருமூச்சு விடுகிறார். தாயோ புது உடைகள் இரண்டு தைத்துக் கொடுத்ததோடு தம் கவலை தீர்ந்ததெனக் கருதுகிறார். ஆனால், அன்பர்களே, பிள்ளைக்குத் துணை மிகுதியாக வேண்டியிருக்கும் ஆண்டு அப்பொழுதுதான் தொடங்குகிறது.

முன்னாளில் பதினோராம் வகுப்போடு பள்ளியிறுதி முடிந்தது. அதன்பின் கல்லூரியிலேயே ஓராண்டு ‘புகுமுக வகுப்பு’ இருந்தது. பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே அது ஒரு திண்ணை போன்றது. உள்ளே நுழையுமுன் சற்று அமர்ந்து இளைப்பாறலாம், புதிய வீட்டின் பழக்கவழக்கங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்து, அந்த ஓராண்டும் பள்ளிகளின் பொறுப்பாயிற்று. அதில் நன்மைகள் பல உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் திண்ணை போயிற்று. இன்று தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் காலெடுத்து வைக்கிறார் பதினேழு வயது மாணவர்.

நகரத்துப் பிள்ளைக்கே இது தடுமாற்றமென்றால், வத்தல்மலைப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தருமபுரி நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல் அமைந்திருக்கிறது வத்தல்மலை. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு முதலிய சிற்றூர்களில் மலைவாழ் மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து, காப்பியும் மிளகும் வளர்த்து வாழ்கின்றனர். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலேற வேண்டும். பேருந்து என்பது இம்மலைக்கு 2022-ஆம் ஆண்டில்தான் வந்தது. நாடு விடுதலை பெற்று எழுபத்தைந்து ஆண்டுகள் ஆன பின்பு என்பதை நினைவிற்கொள்க. அதுவரையில் நடை, பின்னர்ச் சரக்கு வண்டி, வசதியுள்ளவர்க்கு மோட்டார் சைக்கிள். நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து இறக்கிய காலத்தை முதியோர் இன்றும் சொல்வர்.

தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். அரசு கலைக் கல்லூரி தோன்றியதும் அவ்வாண்டிலேயே. ஆகக் கல்லூரி கீழே இருந்தது. மலை மேலே இருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தொலைவைக் கிலோமீட்டரால் அளக்க இயலாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழகத்திலேயே அதுதான் கடைசி. மாவட்டம் முழுமைக்கும் இதுவென்றால், மலையுச்சியின் கணக்கை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அங்கிருந்து கல்லூரிக்கு இறங்கி வருபவர், பெரும்பாலும் தம் வீட்டின் முதற் பட்டதாரியாகப் போகிறவர். பருவத்தேர்வு என்றால் என்ன, அகமதிப்பீடு என்றால் என்ன என்று வீட்டில் கேட்க அவருக்கு ஆளில்லை.

அத்தகைய ஒரு மாணவரோடு தருமபுரிப் பேருந்து நிலையத்தில் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வண்டி வர நேரமாயிற்று; பேச்சு நீண்டது. “தம்பி, கல்லூரி எப்படி இருக்கிறது?” என்று கேட்டோம். “நல்லா இருக்குங்க ஐயா. ஆனா மூணு மணிக்கு மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

இவ்விடை நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மாலை வண்டியைத் தவறவிட்டால் மலைக்குப் போகும் வழி கடினம். ஆகவே கடைசி மணி அடித்ததும் அவர் ஓடவேண்டும். நூலகத்தில் அமர்தல், விளையாட்டுத் திடல், நாட்டு நலப்பணித் திட்டம், பேச்சுப் போட்டி, ஆசிரியரின் அறைவாயிலில் நின்று ஓர் ஐயம் கேட்டல் - கல்லூரியைக் கல்லூரியாக்கும் யாவும் மூன்று மணிக்கு மேல்தான் நிகழ்கின்றன! வகுப்பறையில் கிடைப்பதைப் புத்தகத்திலும் பெறலாம். மற்றவற்றை எங்கே பெறுவது? அரசு விடுதியில் இடம் கிடைத்தால் இக்குறை தீரும். ஆனால் வீட்டில் மாட்டைக் கவனிக்கவும், இளையவர்க்குத் துணையிருக்கவும் ஆள் வேண்டுமே!

இன்னொன்றும் அவர் சொன்னார். முதல்நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மைப் பற்றிச் சொன்னார்களாம். இவர் தம் இனத்தைக் கூறியதும், “நீ கேரளாவா?” என்று கேட்டுப் பக்கத்திலிருந்தோர் சிரித்தனராம். ‘மலையாளி’ என்பது தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களின் மலைகளில் வாழும் பழங்குடியினரின் பெயர். மலையை ஆள்பவர் எனப் பொருள் கொள்வர். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. அவர்தம் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் மூவர் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். பக்கத்து மலையில் வாழ்பவரைப் பற்றி நூறாண்டுக்கு முன் அயல்நாட்டார் ஒருவர் அறிந்திருந்தார். நகரத்து நம் பிள்ளைகள் அறியவில்லை. யாருடைய கல்வியில் குறை என்று யாம் சொல்லவேண்டுமோ?

1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்ட கொடுமைக்குப் பின், 1997-இல் பகடிவதையைத் தடுக்க நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. அடிப்பதும் அவமானப்படுத்துவதும் இன்று குற்றம். சிரிப்பைச் சட்டம் எப்படித் தடுக்கும்? அந்தச் சிரிப்புக்குப் பின் அவர் ஒரு திங்கள்வரை வகுப்பில் வாய்திறக்கவில்லையாம். தமக்கு விடை தெரிந்த வினாக்களுக்கும் வாளாவிருந்தாராம்.

பணத்தைப் பற்றியும் சிறிது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்குத் திங்களுக்கு 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. கல்லூரி நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு நாற்பது ரூபாய். இது பெரிய தொகையன்று என்று ஏளனம் செய்வோர் உண்டு. விடியுமுன் கஞ்சி குடித்துவிட்டு இறங்கி வருபவர்க்கு, நண்பகலில் கையேந்தாமல் உண்ணுவதற்கான தொகை அது. ஏளனம் செய்பவர் அந்தப் பேருந்தில் ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

இவற்றையெல்லாம்விட நம்மை வருத்தியது காலத்தின் கணக்கு. பருவத்துக்குத் தொண்ணூறு வேலைநாள் என்று கொண்டால், 75 விழுக்காடு வருகைக்கு இருபத்திரண்டு நாள் விடுபடலாம். மழையில் பாதை அடைபடும் நாள்கள், வண்டி பழுதாகும் நாள்கள், சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கும் நாள்கள் - இவையே பாதியைத் தின்றுவிடும். மேலும் முதற் பருவத்தேர்வு வருவது நவம்பர், திசம்பரில். மலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்குவதும் அப்பொழுதே. பழுத்ததைப் பறிக்காவிட்டால் உதிர்ந்துபோகும். கூலிக்கு ஆள் வைக்கத் தந்தையிடம் பொருளில்லை. மகன் தேர்வுக்குப் படிப்பதா, கூடையை எடுப்பதா? தந்தையைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. அவர் தம் மகனைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் ஆவார்.

முதலாண்டில் படிப்பை விட்டுவிடும் பிள்ளைகளில் பலர் அறிவில் குறைந்தவர்களல்லர். முதற் பருவத்தில் ஆங்கிலத் தாளில் தவறியதும், பள்ளியில் போல ‘பெயிலாகிவிட்டோம்’ என்று எண்ணி, சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கோ கோவைக்கோ ஆலை வேலைக்குப் போய்விடுகின்றனர். பெண்பிள்ளையாயின் வீட்டார் வரன் பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். ஒரு தாளில் தவறியவர் அடுத்த பருவத்துக்குப் போகத் தடையில்லை. ‘அரியர்’ எனப்படும் அத்தாளை ஏப்ரலில் மீண்டும் எழுதலாம். அதற்கெனத் தனிக் கட்டணம், அதற்கொரு கடைசி நாள் உண்டு. இவ்வளவே செய்தி. நகரத்துப் பிள்ளைக்கு இதை அண்ணன் சொல்வான், அத்தை மகள் சொல்வாள். மலைப்பிள்ளைக்குச் சொல்பவர் யார்? அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். ஆனால் அவரோ வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்.

குருமடத்தில் நாம் சேர்ந்த முதலாண்டில் எல்லாவற்றுக்கும் மணி அடித்தது. எழுவதற்கு, உண்பதற்கு, படிப்பதற்கு, மௌனத்துக்கும் கூட. அன்று அம்மணியை நொந்துகொண்டதுண்டு. கல்லூரியிலோ இத்தகைய மணி இல்லை; அறிந்தவர் ஒருவர் தோளைத் தொட்டுச் சொன்னால்தான் உண்டு.

நம்மோடு உரையாடிய அம்மாணவர்க்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். உடன் பயிலும் நகரத்துப் பையன். முதல்நாள் சிரித்தவர்களுள் இவரும் ஒருவராம். மாலையில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறாராம். வீட்டுக்குள் அலைவரிசை கிட்டாது. ஆகையால் ஏழு மணிக்குத் தோட்டத்தின் மேலுள்ள பாறையில் ஏறி நிற்பதாகச் சொன்னார். “பனி இருந்தா போர்வையோட நிப்பேனுங்க ஐயா” என்றார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.