பிளேடு போனா சரியா இருக்குமா?

மக்களே, உங்க வண்டி ஸ்பார்க் ப்ளக்கை நீங்களே கழட்டி மாட்டுற ஆளா? அப்படின்னா ஒரு கேள்வி. கேப் எவ்வளவு வைக்கிறீங்க? "கேப்பா? புது ப்ளக்கை அப்படியே மாட்டிட வேண்டியதுதானே"ன்னு சிலர் சொல்வீங்க. "ஆக்ஸா பிளேடு உள்ள போயி டைட்டா வரணும், அதான் அளவு"ன்னு மிச்சப் பேர் சொல்வீங்க. நான் ரொம்ப வருஷமா அந்த ரெண்டாவது கட்சி. இப்ப இல்லை. ஏன் கட்சி மாறினேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல தெரியாதவங்களுக்காக. ப்ளக்கோட நுனியில நடுவுல ஒரு கம்பி நிக்கும். அதுக்கு மேல வளைஞ்சு இன்னொரு கம்பி தொப்பி மாதிரி நிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் பொறி தாவுது. அந்தச் சந்துக்குப் பேர்தான் கேப். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதுல கால் மில்லிமீட்டர் இப்படி அப்படின்னா என்ன ஆயிடும்னு நானும் நினைச்சவன்தான்.

எனக்கு பொம்மையார்பாளையம். ஈசிஆர்ல பாண்டிக்குக் கொஞ்சம் வடக்கே, ஆரோவில் போறவங்க கவனிக்காமத் தாண்டிப் போற ஊரு. கடல் தின்னது போக மிச்சம் இருக்கிற கரையில படகு நிக்கும். பத்தாவது படிக்கும்போது அப்பாவோட பழைய 100 சிசி வண்டியை ரோட்டோரம் ஒரு மெக்கானிக் அண்ணன் கிட்ட விடுவோம். அவர்தான் சொல்லிக் குடுத்தார். ப்ளக்கைக் கழட்டு, பெட்ரோல்ல கழுவு, உப்புத்தாள் போடு, ஆக்ஸா பிளேடை உள்ள விட்டுப் பாரு. லூசா இருந்தா மேல் கம்பியை லேசாத் தட்டு. பிளேடு உரசிக்கிட்டு வெளியே வந்தா ஓகே. அன்னைக்கு நான் கத்துக்கிட்டது அதுதான். அப்பா வண்டி உதைச்ச உடனே கிளம்பும். அதுக்கப்புறம் நான் எஞ்சினியரிங்ல ட்ரிப்பிள் ஈ முடிச்சு, சென்னையில பொட்டி தட்டப் போனப்புறமும் இந்தப் பிளேடு வேதத்தை யார்கிட்டயும் சந்தேகப்பட்டதே இல்லை.

நிற்க. இப்ப மாமா கதைக்கு வருவோம்.

மாமாகிட்ட ஃபைபர் படகு இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் எங்க கரையில கட்டுமரம் குறைஞ்சு ஃபைபர் நிறைய வந்துச்சில்ல, அந்த வழி வந்ததுதான். பின்னாடி ரெண்டு சிலிண்டர் அவுட்போர்டு எஞ்சின், டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்ல கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டுவாங்க. மண்ணெண்ணெயும் ஆயிலும் சேர்ந்து எரியிற எஞ்சின்ல ப்ளக் சீக்கிரம் கரி பிடிக்கும். அதனால கையில எப்பவும் உபரி ப்ளக் இருக்கும்.

2023 மாசி மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா நாலு புது ப்ளக் வாங்கி வச்சிருந்தார். ரெண்டு மாட்ட, ரெண்டு உபரி. நான் சும்மா இருக்கலாம்ல? "குடு மாமா, நான் செட் பண்ணித் தர்றேன்"னு உக்காந்துட்டேன். ஆக்ஸா பிளேடை விட்டா நாலுலயும் லொட லொடன்னு ஆடுது. "இன்னா மாமா, கம்பெனிக்காரன் ஒழுங்காவே அளவு வைக்கல"ன்னு சொல்லி, நாலையும் தட்டிப் பிளேடு டைட்டா வர்ற மாதிரி பண்ணேன். மாட்டுறதுக்கு முன்னாடி ப்ளக்கை எஞ்சின் மேல வச்சுக் கயிறை இழுத்தும் காட்டினேன். நீலமாப் பொறி. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்"னு மாமா சொன்னார். பழைய ப்ளக்கைத் தூக்கிக் குப்பையில போட்டது யாருன்னு கேக்காதீங்க, ஹி ஹி.

மறுநாள் விடிகாலை நாலு பேர் கடலுக்குப் போனாங்க. போகும்போது முழு வேகத்துல பிரச்னை தெரியலை. வலை எடுக்கும்போது மெதுவா ஓட்டணும் இல்லையா, அங்கதான் ஒரு சிலிண்டர் வேலை செய்யலை. அப்புறம் எஞ்சின் நின்னுடுச்சு. ப்ளக்கைக் கழட்டினா சந்து முழுக்கக் கரி. துடைச்சு மாட்டினா கொஞ்ச தூரம் ஓடுது, மறுபடியும் நிக்குது. உபரி ரெண்டும் அதே கதை. அதையும் "செட்" பண்ணினவன் நான்தானே. கடைசியில பக்கத்துப் படகுக்காரங்க கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வந்தாங்க.

கரையில இருந்து பாத்தவங்களுக்கு இது வெறும் ரிப்பேர். ஆனா எங்க கரையில அலை உடையிற இடத்தைத் தாண்டித்தான் உள்ளயும் வெளியயும் வரணும். அந்த இடத்துல எஞ்சின் நின்னா படகு திரும்பி அலைக்குப் பக்கவாட்டுல நிக்கும், அடுத்த அலை கவுத்துடும். எஞ்சின் வலை எடுக்கிற இடத்துல நின்னது எங்க அதிர்ஷ்டம். அன்னைக்கு மாமா என்னைத் திட்டவே இல்லை. "மாப்ள, உன் பிளேடை நீயே வச்சுக்கோ"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரி அத்தை ட்ரங்குப் பெட்டியில இருந்து எஞ்சின் கூட வந்த புத்தகத்தை எடுத்துக் குடுத்தாங்க. பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்கலை. முழுக்க இங்கிலீஷ். அதுல தெளிவாப் போட்டிருக்கு, கேப் 1.0 மி.மீ. ப்ளக் அட்டையிலயும் இருந்துச்சு. என்ஜிகே ப்ளக்குல பி7ஹெச்எஸ்-10 மாதிரி நம்பர் பாத்திருப்பீங்க. அந்தக் கடைசி "-10"ன்னா 1.0 மி.மீ. "-9"ன்னா 0.9. கம்பெனிக்காரன் சரியாத்தான் வச்சிருக்கான். அதைக் கெடுத்தது நான். அந்த வீட்டுக்கு வந்து போறவங்கள்ல அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் நான்தான். கேட்டுக்கூடப் பாக்கலை.

சரி, அப்ப மெக்கானிக் அண்ணன் சொன்னது தப்பா? இங்கதான் எனக்கு ஆச்சரியம். ஆக்ஸா பிளேடோட பல் இல்லாத முதுகுப் பக்கத்தை அளந்து பாத்தேன். கிட்டத்தட்ட 0.65 மி.மீ. அப்பா வண்டியில போட்ட சி7ஹெச்எஸ்ஏ வகை ப்ளக்குக்கு வேண்டிய கேப் 0.6 முதல் 0.7. அதாவது அண்ணன் கையில இருந்தது ஃபீலர் கேஜ்தான், நம்பர் அச்சடிக்காத கேஜ்! அந்த வண்டிக்கு அவர் சொன்னது அட்சர சுத்தம். அதை எல்லா எஞ்சினுக்கும் வேதமா ஆக்கினது நான்.

என் கருத்து இதுதான். கைவைத்தியம் மாதிரி வர்ற பட்டறை விதிகள் பெரும்பாலும் பொய் இல்லை. ஒவ்வொண்ணுக்கு உள்ளேயும் யாரோ ஒருத்தர் அளந்த ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கு. விதி மட்டும் கைமாறிக் கைமாறி வருது, நம்பர் வழியிலயே உதிர்ந்து போயிடுது. எஞ்சின் மாறினப்புறமும் விதி மாறாம நிக்கும். நம்ம பொழப்புலயும் இதேதானே? எவனோ பத்து வருஷம் முன்னாடி கோடுக்குள்ள 30னு எழுதி வச்சுட்டுப் போயிருப்பான். ஏன்னு கமெண்ட் இருக்காது. தொடவும் பயம், நம்பவும் பயம்.

கேப் குறைஞ்சா என்ன ஆகும்? பொறி குட்டையா இருக்கும், சுத்தியிருக்கிற கலவையைப் பத்த வைக்கத் திணறும். டூ ஸ்ட்ரோக்னா கரி சீக்கிரம் சந்தை அடைச்சுடும். ஐடில்ல நடுங்கும். கேப் கூடினா வேற பிரச்னை. தாவுறதுக்குக் கூடுதல் வோல்டேஜ் வேணும், காயில் கொடுக்க முடியலைன்னா ஏத்தத்துல இழுக்கும்போது மிஸ்ஸாகும். ஓட ஓட ப்ளக் முனை தேயும், கேப் தானாவே கூடும்.

காத்துல ஒரு மி.மீ. தாண்டச் சுமாரா மூணு நாலு கிலோவோல்ட் போதும். காத்தை அமுக்க அமுக்க அதே சந்துக்குப் பல மடங்கு வேணும். 1889ல பாஷன்னு ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்ச விதி. காலேஜ்ல இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். அப்படியிருந்தும் வெளிய வச்சுப் பொறியைப் பாத்துட்டு "ப்ளக் சூப்பர்"னு சொன்னேன் பாருங்க! சிலிண்டருக்குள்ள அழுத்தம் இருக்கு, ஆயில் இருக்கு, கரி இருக்கு. வெளியில பொறி வரலைன்னா கோளாறு நிச்சயம். வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லை.

ஒரு எதிர்வாதம் நியாயமானது. அனுபவசாலி மெக்கானிக் சில சமயம் வேணும்னே கேப்பைக் குறைப்பார். காயில் பலவீனம், புது காயில் வர்ற வரைக்கும் வண்டி ஓடணும். அது அறியாமை இல்லை, தெரிஞ்சு செய்யிற சமரசம். எவ்வளவுல இருந்து எவ்வளவுக்குக் குறைக்கிறோம்னு தெரிஞ்சா அது வைத்தியம், தெரியாட்டி சூதாட்டம்.

அப்ப நாமளே மாத்தக் கூடாதா? கட்டாயம் மாத்தணும். இதை மட்டும் பாத்துக்கோங்க:

1. முதல்ல வண்டி கூடக் குடுத்த புத்தகத்துல நம்பரைப் பாருங்க. அப்புறம்தான் ஸ்பானர்.

2. எஞ்சின் ஆறட்டும். ப்ளக்கைச் சுத்தி இருக்கிற மண்ணை ஊதிட்டுக் கழட்டுங்க. நம்ம கடலோரத்துல உப்பும் மணலும் உள்ள விழுந்தா சிலிண்டர் கோவிந்தா.

3. புது ப்ளக்கையும் அளங்க. அட்டைப்பெட்டி கீழ விழுந்திருந்தாலே கேப் மாறியிருக்கும். பழைய ப்ளக்குல மேல் கம்பியில குழி விழுந்திருக்கும். தட்டைப் பிளேடு குழிக்கு மேல பாலம் மாதிரி நின்னு உண்மையைவிடக் குறைச்சுக் காட்டும். அதுக்குக் கம்பி வச்ச கேஜ்தான் சரி.

4. வளைக்கணும்னா வெளிக் கம்பியை மட்டும். நடுக் கம்பியை நெம்பினா பீங்கான் விரியும். இரிடியம் ப்ளக்குன்னா நுனி ஊசி மாதிரி இருக்கும், அதுல கை வைக்காம இருக்கிறதே புண்ணியம்.

5. முதல்ல விரலாலயே முழுசாத் திருகுங்க. வாஷர் உக்காந்ததும் ஸ்பானரால சுமார் அரைச் சுற்று, புது ப்ளக்குக்கு. அலுமினிய மரை, பலத்தைக் காட்டாதீங்க.

ஃபீலர் கேஜ் விலை மல்டிப்ளெக்ஸ்ல பாப்கார்னுக்குக் குடுக்கிறதைத் தாண்டாது. சாக்கு சொல்ல முடியாது.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப ஒண்ணு வாங்கிட்டுப் போய் மாமாகிட்ட குடுத்தேன். அழியாத மார்க்கரால எஞ்சின் மூடிக்கு உள்பக்கம் "ப்ளக் சந்து 1.0"னு தமிழ்ல பெருசா எழுதியும் வச்சேன். மாமா அதைப் பாத்துட்டு, "இது யாருக்கு மாப்ள, எனக்கா உனக்கா?"ன்னு கேட்டார்.

ரெண்டு பேருக்கும்தான் மாமா.

டிஸ்கி: உங்க ஊர் பட்டறையில இப்படி நம்பர் உதிர்ந்த விதி ஏதாவது இருந்தா சொல்லுங்க. அளந்து பாத்துடுவோம்.