ட்ரூமனின் ஏச்சை எடுத்துக்கொண்டோம், ரயிலை விட்டுவிட்டோம்

1948 அக்டோபர் 13 அன்று மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் அதிபர் ஹாரி ட்ரூமன் பேசினார். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியை அன்று அவர் வரிசையாகப் பிய்த்து எடுத்தார். அவர்களுக்குக் குடும்பம் புனிதமானது, ஆனால் ஏழைக்கு வீடு கட்டித்தர மாட்டார்கள். குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்பார்கள், அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றும் நினைப்பார்கள். எல்லோருக்கும் கல்வி என்பார்கள், ஆசிரியருக்கும் பள்ளிக்கும் பணம் கேட்டால் கையை விரிப்பார்கள். நல்ல மருத்துவத்தைப் போற்றுவார்கள், அது காசுள்ளவனுக்கு மட்டும். பேச்சின் சாரம் இதுதான்.

தேர்தல் நெருங்கினால் இந்தப் பேச்சை நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். நாம் என்று நான் சொல்வது, அமெரிக்காவில் குடியேறிக் குடியுரிமையும் பெற்று, ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவரும் தமிழர்களை. ‘இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். அத்தோடு நம் அரசியல் கடமை முடிந்துவிடுகிறது.

பொருந்துகிறதா என்றால், அந்தக் கட்சி என்ன செய்கிறது என்ற அளவில் பெரும்பாலும் பொருந்தத்தான் செய்கிறது. மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு அது ஒரு காசு ஏறவில்லை. 2019இல் அதை உயர்த்தும் மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும், குடியரசுக் கட்சியின் கையிலிருந்த செனட்டில் செத்துப்போனது. 2017இல் அந்தக் கட்சி கொண்டுவந்த சட்டம் பெருநிறுவனங்களின் வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21 ஆகக் குறைத்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் ஏழைகளின் மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் பெரும் தொகையை வெட்டியது. மக்களுக்கு நன்மை தரும் எதையும் ‘சோஷலிசம்’ என்று சொல்லிப் பயமுறுத்துவதே இவர்கள் வழக்கம் என்று 1952இல் சிரக்யூஸ் நகரில் ட்ரூமன் குற்றம் சாட்டினார். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மீது வீசப்பட்டதும் அதே சொல்தான்.

ஆனால் அவர் சொன்னதெல்லாம் நியாயம் அல்ல. ‘ஒன்றும் செய்யாத காங்கிரஸ்’ என்று அவர் ஊர் ஊராகத் தூற்றிய அதே 80ஆவது காங்கிரஸ்தான் ஐரோப்பாவைத் தூக்கிநிறுத்திய மார்ஷல் திட்டத்தை நிறைவேற்றியது. அதற்குத் தோள் கொடுத்தவர் குடியரசுக் கட்சியின் செனட்டர் வாண்டன்பர்க். 1946இல் உலகப் பஞ்ச நிலையை அறிந்துவர, தோற்றுப்போன பழைய குடியரசுக் கட்சி அதிபர் ஹூவரை ட்ரூமனே அழைத்து அனுப்பினார். ஹூவர் இந்தியாவுக்கும் வந்து பார்த்துப் போனார். இரண்டே ஆண்டில், தேர்தல் மேடையில், அதே ஹூவரின் பெயரைச் சொல்லி மக்களை மிரட்டினார் ட்ரூமன். சிகாகோவில் ஒருபடி மேலே போய், எதிர் வேட்பாளர் டூயிக்குப் பின்னால் நிற்கும் சக்திகளை ஹிட்லரையும் முசோலினியையும் ஏற்றிவிட்டவர்களோடு ஒப்பிட்டார். டூயி அப்படிப்பட்ட மனிதர் அல்ல.

எல்லாப் பழியும் ஒரே கட்சிக்கு அல்ல என்பதற்கு நம் கதையிலேயே சான்று இருக்கிறது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம், ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்று சொன்ன 1946 சட்டத்தைக் குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூசும் ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். கையெழுத்திட்டவர் ட்ரூமன். இனவாரிக் குடியேற்ற ஒதுக்கீட்டை நீட்டித்த 1952 சட்டத்தை அவர் வீட்டோ செய்தார். அந்தச் சட்டத்தை எழுதிய மெக்காரன், வால்டர் இருவருமே அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். இரு கட்சியினரும் சேர்ந்து வீட்டோவை முறியடித்தார்கள். நமக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டத்தைச் செனட்டில் எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர். எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தந்திருக்கிறோமா? அந்தச் சட்டத்துக்கு வழி வகுத்த சம உரிமைப் போராட்டத்தைக் கறுப்பின மக்கள் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்தேதான் கேட்கிறேன்.

ட்ரூமனின் கணக்கு எங்கே பிசகியது என்று பார்க்க அவருடைய சொந்த மாநிலமான மிசௌரிக்கே போகலாம். பட்டப்படிப்பு இல்லாமல், உழுது, துணிக்கடை வைத்து நொடித்துப்போய், பிறகு அரசியலுக்கு வந்த மனிதர் அவர். வயிற்றில் அடிக்கும் கட்சிக்கு மக்கள் வாக்களிக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். 1948இல் மிசௌரியும் அயோவாவும் அவருக்கே வாக்களித்தன. இன்று இரண்டுமே குடியரசுக் கட்சியின் கோட்டை. உடனே நாம் என்ன சொல்கிறோம்? ‘அவர்களுக்கு இனவெறி’, ‘அவர்களுக்கு விவரம் போதாது.’ விருந்துகளில் இதைச் சொல்லாத நம்மவர் குறைவு.

ஆனால் மிசௌரி மக்கள் செய்ததைப் பாருங்கள். தொழிற்சங்கங்களை முடக்கும் சட்டத்தை 2018 ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தூக்கி எறிந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வாக்களித்தார்கள். அதே நாளில் ஜனநாயகக் கட்சி செனட்டரைத் தோற்கடிக்கவும் செய்தார்கள். 2020இல் மெடிகெய்டை விரிவாக்க வாக்களித்தார்கள். மாநிலச் சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுக்க, மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2024இல் 15 டாலர் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கும் வாக்களித்தார்கள், அதே நாளில் டிரம்புக்கும். ட்ரூமன் கேட்டதையெல்லாம் இன்றும் கேட்கிறார்கள், அவருடைய கட்சியை மட்டும் வேண்டாம் என்கிறார்கள். கூலியை உயர்த்துவதும் இந்தக் கட்சியும் ஒன்றுதான் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் நம்புவது கடினம். 2021இல் 15 டாலர் கூலி செனட்டில் வாக்குக்கு வந்தபோது நம் பக்கத்துச் செனட்டர்களே எட்டுப் பேர் எதிர்த்தார்கள். அந்த எட்டுப் பேரின் அலுவலகத்துக்கு நம்மில் எத்தனை பேர் தொலைபேசினோம்?

ட்ரூமன் ஏச்சுப் பேச்சால் மட்டும் ஜெயிக்கவில்லை. ஏறத்தாழ 30,000 மைல் ரயிலில் போனார். பெயர் தெரியாத ஊர்களில் எல்லாம் வண்டி நின்றது. கடைசிப் பெட்டியின் பின்மேடையில் நின்று, அந்த ஊரின் தானியத்தைப் பற்றியும் அந்த ஊரின் ஆலையைப் பற்றியும் பேசினார். 2016இல் ஹிலரி கிளிண்டன் வேட்பாளரான பிறகு விஸ்கான்சினுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. 23,000க்கும் குறைவான வாக்குகளில் அந்த மாநிலம் போனது. அவரைக் குறை சொல்வது எளிது. நாம் போனோமா?

நமக்குத்தான் அந்த ஊர்கள் நன்றாகத் தெரியும் என்பதே என் ஆற்றாமை. ஜே-1 விசாவில் வந்த மருத்துவர், பயிற்சி முடிந்ததும் தாய்நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். மருத்துவர் கிடைக்காத ஊரில் மூன்றாண்டு பணி செய்தால் அந்த நிபந்தனையைத் தள்ளுபடி செய்யலாம் என்று 1994இல் ஒரு சட்டம் வந்தது. அந்த வழியில் கிராமப்புறங்களுக்குப் போன தமிழ் மருத்துவர்கள் உண்டு. விவசாயிகளின் முதுகுவலியையும், சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலையும், மாத்திரை வாங்கக் காசில்லாமல் பாதியாக உடைத்து விழுங்கும் முதியவர்களையும் அவர்கள் நாள்தோறும் பார்த்தார்கள். அவர்களுடைய ரெசிடென்சி பயிற்சிக்கான செலவில் ஒரு பெரும் பங்கைத் தந்தது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர். 1945இல் ட்ரூமன் கேட்டுக் கிடைக்காத அனைவருக்குமான காப்பீட்டின் மிச்சம் அது. 1965இல் அதிபர் ஜான்சன் ட்ரூமனின் ஊருக்கே போய்க் கையெழுத்திட்டு, முதல் பயனாளியாக அவரையே சேர்த்த திட்டம். மூன்றாண்டு முடிந்ததும் நம்மவர் பலர் நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் புறநகரத்துக்கு வீடு மாறினார்கள். யாரும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊரோடு இருந்த பேச்சையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அங்கே நாம் பார்த்ததை நம் கட்சிக் கூட்டத்தில் சொல்லவில்லை. கட்சிக் கூட்டத்துக்கே போகவில்லை.

கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வாக்கே கிடையாது. குடியுரிமை வாங்கிப் பல ஆண்டு ஆனவர்களைச் சொல்கிறேன். நம் சங்கங்களின் பொங்கல் விழாவுக்கு மேயர் வருகிறார், வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார். அவரிடம் நாம் கேட்பது தமிழ்ப் பாரம்பரிய மாதத்துக்கு ஒரு பிரகடனம். ஊர்ப் பேருந்தைப் பற்றியோ, விழா மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவரின் கூலியைப் பற்றியோ கேட்பதில்லை.

2025இல் மிசௌரிச் சட்டமன்றம், மக்கள் வாக்களித்துப் பெற்ற அந்த நோய் விடுப்பை நீக்கியது. ஜூலையில் ஆளுநர் கையெழுத்திட்டார். செயின்ட் லூயிசிலும் கான்சாஸ் சிட்டியிலும் நம்மவர் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன. நம் வேலைகளில் சம்பளத்தோடு நோய் விடுப்பு ஏற்கெனவே உண்டு. அந்தச் செய்தியை நம்மில் பெரும்பாலோர் படிக்கவும் இல்லை.