ஸ்பேனர் பக்கம்: கிளம்பு ராசா... கிளம்பு!

காலை நாலு மணி. சங்கரன்கோவில் இன்னும் முழிக்கலை. தூரத்துல ஏதோ ஒரு விசைத்தறி மட்டும் 'தடக்... தடக்'னு ஓடிக்கிட்டு இருக்கு. எங்க தெருவுல அதைவிடச் சத்தமா இன்னொண்ணு... 'உவ்வ்வ்... உவ்வ்வ்... உவ்வ்வ்...' எங்க மாமாவோட ஆம்னி வேன்! செல்ஃப் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. இன்ஜின் மட்டும் கிளம்புவேனாங்குது.

மாமாவுக்குப் பூ வியாபாரம். சுத்துப்பட்டுக் கிராமங்கள்ல விடியறதுக்கு முன்னாடியே மல்லிகை மொட்டு பறிப்பாங்க. அதை அள்ளிப் போட்டுக்கிட்டு, மொட்டு விரியறதுக்குள்ள மார்க்கெட்டுக்கு வந்து சேரணும். லேட் ஆனா பூ விரியும், விலை சுருங்கும். அவ்வளவுதான் கணக்கு.

ரெண்டு மாசம் முன்னாடி அந்த வேனோட பழைய கார்புரேட்டர் இன்ஜின் மொத்தமா மண்டையைப் போட்டுருச்சு. ஆம்னி தயாரிப்பே 2019-ல நின்னாச்சு. அதனால அத்தையோட வளையலை அடகு வெச்சு, பின்னாடி வந்த ஒரு ஆம்னியில இருந்து கழட்டின எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை வாங்கி மாட்டினார் மாமா. அதே 796 சி.சி.தான். ஆனா கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர், அதை ஆட்டிவைக்க ஈ.சி.யூ.ங்கற குட்டி கம்ப்யூட்டர். அன்னியிலேர்ந்து புடிச்சது சனி! ராத்திரி முழுக்க நின்ன வண்டி, காலையில கிளம்பப் பத்துப் பதினஞ்சு நிமிஷம். ஒருதடவை கிளம்பிட்டாலோ, நாள் முழுக்கச் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட்!

"நீ மெக்கானிக்கல்தான படிக்க? என்னன்னு பாத்துச் சொல்லு மாப்ள!"

சொன்னேனே! "பிளக் போயிருக்கும் மாமா." மாத்தினார். "பேட்டரி வீக்." மாத்தினார். "அப்ப கண்டிப்பா ஃப்யூயல் பம்ப்தான்." அதையும் மாத்தினார். மூணு பில். மறுநாள் காலையில மறுபடி 'உவ்வ்வ்...'

ஒரு புதன்கிழமை, மாமா வண்டியை உதைச்சுட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலன்னா எடைக்குப் போட்டுருதேன்." அத்தை ஒண்ணும் பேசலை. வெறுங்கையால காபி டம்ளரை நீட்டினாங்க. அந்தக் கையைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது. மூணு பாகத்தை மாத்தச் சொல்லியிருக்கேன். ஒண்ணையாவது அளந்து பார்த்தேனா? இல்லை!

கையில நாலு காலை இருந்துச்சு. கோல்டு ஸ்டார்ட் பிரச்னையில இதுதான் கொடுமை பாஸ். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பரீட்சைதான். இன்ஜின் ஒருதடவை சூடாயிட்டா நோய் ஓடி ஒளிஞ்சுக்கும். மறுபடி பிடிக்க அடுத்த விடியல் வரைக்கும் காத்திருக்கணும். அதனால ஒரு காலைக்கு ஒரே ஒரு கேள்வி, பதிலை நோட்டுல எழுதணும்னு முடிவு பண்ணினேன்.

"நம்ம ஊர்ல ஏதுல கோல்டு? இது என்ன ஊட்டியா?"ன்னு கூடப் படிக்கிற பயலுவ கலாய்ச்சாங்க. இன்ஜினுக்குக் குளிருன்னா ஸ்வெட்டர் போடுற குளிர் இல்லை. ஓடும்போது அதோட கூலன்ட் தண்ணி 80, 90 டிகிரியில இருக்கும். அதோட ஒப்பிட்டா விடியக்காலை 25 டிகிரியே குளிர்தான். பெட்ரோல் ஆவியானாதான் எரியும். உலோகம் சில்லுன்னு இருந்தா உள்ளே போற பெட்ரோல்ல ஒரு பங்கு சுவர்லேயே ஒட்டிக்கும். சாதாரணமா 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். குளிர்ந்த இன்ஜினுக்கு அந்தக் கணக்கு பத்தாது. பெட்ரோலைக் கூடுதலாக் கொடுக்கணும்.

கார்புரேட்டர் காலத்துல அந்த வேலையை 'சோக்' செஞ்சுது. காத்தை அடைச்சா பெட்ரோல் பங்கு கூடும். 1967-ல ஃபோக்ஸ்வேகன் காருக்கு பாஷ் கம்பெனி எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் கொடுத்துச்சு. அந்தக் காலத்து இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் பலதுல குளிர்ல கிளப்பறதுக்குன்னே தனியா ஒரு இன்ஜெக்டர் வெச்சாங்க. இப்ப அது தேவையில்லை. ஈ.சி.யூ. ஒரு சென்சார்கிட்ட "தண்ணி எவ்வளவு சூடு?"ன்னு கேக்கும். "சில்லுன்னு இருக்கு"ன்னு பதில் வந்தா இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வெக்கும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு நீங்க வாங்கின பைக்ல சோக் லீவரைத் தேடினீங்கன்னா... அது காணாமப் போன கதை இதுதான்!

வியாழன்: பிரஷர் இருக்கா?

பழைய இன்ஜினோட பம்ப்புக்குக் கால் பார் அழுத்தம் இருந்தாலே போதும். எம்.பி.எஃப்.ஐ.க்குச் சுமார் 3 பார் வேணும். கார் டயர்ல இருக்கறதைவிட அதிகம்! ராத்திரியில அந்த அழுத்தம் கசிஞ்சு இறங்கிட்டா காலையில திணறும். சாவியை 'ஆன்' பண்ணினா பம்ப் ரெண்டு செகண்ட் 'உய்ங்'னு ஓடும். அப்படியே மூணு தடவை ஆன், ஆஃப் பண்ணி அழுத்தத்தை ஏத்திட்டு செல்ஃப் அடிச்சேன். இறங்கிப்போன அழுத்தம்தான் வில்லன்னா இப்பக் கிளம்பியிருக்கணும். கிளம்பலை. நோட்டுல எழுதினேன்: பம்ப் நிரபராதி.

அன்னிக்கே இன்னொண்ணையும் கவனிச்சேன். மாமா செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை 'சதக் சதக்'னு மிதிச்சுக்கிட்டே இருந்தார். கார்புரேட்டர்ல மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் பீச்சும். இங்கே அது எடுபடாது. முழுசா மிதிச்சா, 'பெட்ரோல் ரொம்பிப் போச்சு போல'ன்னு நினைச்சு பெட்ரோலை நிறுத்துற ஈ.சி.யூ.க்களும் உண்டு. "காலை எடுங்க மாமா!"

வெள்ளி: செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் போகுதா?

இன்ஜின் மாத்தின வண்டிகள்ல அடிக்கடி நடக்கற கூத்து இது. ஈ.சி.யூ.க்கோ பம்ப்புக்கோ ரேடியோ லைன்ல இருந்து கரன்ட் இழுத்திருப்பாங்க. சாவியை ஸ்டார்ட் பக்கம் திருப்பினதும் ரேடியோ அணையும் இல்லையா... அதோட சேர்ந்து இதுவும் அணைஞ்சுரும்! பம்ப் ஒயர்ல ஒரு டெஸ்ட் லைட்டைப் பிடிச்சேன். செல்ஃப் சுத்தும்போதும் நல்லா எரிஞ்சுது. பேட்டரியில மல்டிமீட்டர் 10.5 வோல்ட் காட்டுச்சு. போதும். பேட்டரியும் நிரபராதி. பழைய பேட்டரியையே கடையில கொடுத்து சோதிச்சிருந்தா ஒரு பில் மிச்சம்.

சனி: குறையறது எது?

இன்ஜின் மாட்டின மெக்கானிக் அண்ணாச்சியையே கூப்பிட்டேன். தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்தார் மனுஷன். பிளக்கைக் கழட்டிப் பார்த்தோம். பொறி நீலமா, பளிச்சுன்னு அடிச்சுது. காத்து போற குழாய்ல அவர் நாலு சொட்டு பெட்ரோல் விட்டு, தள்ளி நின்னு "அடி"ன்னார். சட்டுனு பிடிச்சுருச்சு! (இதை நீங்க செய்யாதீங்க மக்களே. திருப்பி அடிச்சா முகம் வெந்துரும்.) பொறி இருக்கு. காத்து இருக்கு. காலையில மட்டும் பெட்ரோல்தான் பத்தலை. அதை முடிவு பண்றது யாரு? ஈ.சி.யூ. அதுக்குச் சேதி சொல்றது யாரு? சென்சார்!

அன்னிக்கு மாமாகூடவே பூ எடுக்கப் போனேன். போற வழியில பெருமையா டேஷ்போர்டைக் காட்டினார். "பாத்தியா மாப்ள... எவ்வளவு ஓடினாலும் முள்ளு மேல ஏறவே மாட்டேங்கு. சூடே ஆவாத இன்ஜினு!"

நானும் "ஆமா மாமா"ன்னு சிரிச்சேன். மார்க்கெட்ல இறங்கி ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டேன். சுட்டுருச்சு! இன்ஜின் கொதிக்குது, முள்ளு மட்டும் தூங்குது. அப்ப யாரோ பொய் சொல்றாங்க.

ஞாயிறு: யார் பொய் சொல்றது?

இந்த இன்ஜின்ல சூடு பார்க்க ரெண்டு சென்சார். ஒத்தை ஒயர் உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கு. ரெட்டை ஒயர் உள்ளது ஈ.சி.யூ.க்கு. ரெண்டுமே சூடாக ஆக மின்தடை குறையற ஜாதி. வெள்ளி சல்ஃபைடுல இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே பார்த்துட்டார். ஆனா ரெண்டோட அளவும் வேற வேற. ஈ.சி.யூ. சென்சார் 25 டிகிரியில ரெண்டு கிலோ ஓமுக்குப் பக்கத்துல இருக்கும். 80 டிகிரியில முந்நூறு சொச்சம் ஓம். முள்ளோட சென்சார் சில்லுன்னு இருக்கும்போதே சில நூறு ஓம்தான்.

மூணரை மணி. சாவி ஆஃப். அண்ணாச்சி செல்போன்ல இருந்த ஒயரிங் படத்தைப் பார்த்து ஈ.சி.யூ. பிளக்கைக் கழட்டி, அதுக்கு வர்ற சேதியை அளந்தேன். 350 ஓம். சென்சார் காலிலேயே நேரா அளந்தேன். 2.1 கிலோ ஓம்!

சென்சார் உண்மையைத்தான் சொல்லுது. ஆனா சேதி வேற வீட்டுக்குப் போயிருக்கு! டேப்பைப் பிரிச்சோம். இன்ஜின் மாட்டும்போது அறுத்து முடிஞ்ச ஒயர்கள்ல ரெண்டும் இடம் மாறியிருந்துச்சு. முள்ளோட சென்சார் ஈ.சி.யூ.க்கு, ஈ.சி.யூ. சென்சார் முள்ளுக்கு. சில்லுன்னு கிடக்கிற இன்ஜினை '80 டிகிரி'ன்னு நம்பி ஈ.சி.யூ. பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டே வந்திருக்கு. அந்தப் பக்கம் முள்ளு எழுந்திரிக்கவே இல்லை. நாம அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கோம்!

ஒயரை மாத்தி முடிஞ்சோம். மாமா சாவியைத் திருப்பினார். 'உவ்...' அவ்வளவுதான். புர்ர்ர்ர்! அஞ்சு கிலோமீட்டர்லேயே முள்ளு நடுவுக்கு வந்து நின்னுச்சு.

"கலரை நம்பி முடிஞ்சுட்டேன் தம்பி. மீட்டர் வெச்சு ஒருதடவை பாத்திருக்கணும்"னார் அண்ணாச்சி. நான் வாயே திறக்கலை. அவராவது ஒயரைத்தான் மாத்தினார். நான் மூணு பாகத்தை மாத்தவெச்சவன்!

இன்னொரு விஷயமும் அப்பதான் புரிஞ்சுது. ஏதாவது சென்சார் சேதி தப்பாத் தெரிஞ்சா ஈ.சி.யூ. 'செக் இன்ஜின்' விளக்கை எரியவிடும். கார்புரேட்டர் வண்டியோட டேஷ்போர்டுல அந்த விளக்கே கிடையாது. ரெண்டு மாசமா அது எதையாவது சொல்லப் பார்த்திருந்தாக்கூட நமக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சி அன்னிக்கே ஒரு குட்டி பல்பு மாட்டிவிட்டார்.

உங்க வீட்லயும் இன்ஜின் மாத்தப் போறீங்களா? அறுத்த ஒவ்வொரு ஒயருக்கும் பேர் எழுதி ஒட்டுங்க. செக் இன்ஜின் விளக்குக்கு இடம் கொடுங்க. புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில ஏத்த மறக்காதீங்க. முக்கியமா, ஒரு பாகத்தை மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி அது கெட்டுப்போச்சுன்னு காட்ட ஒரு நம்பர் உங்க கையில இருக்கணும்.

இப்ப நாலு மணிக்கு எங்க தெருவுல விசைத்தறிச் சத்தம் மட்டும்தான். அத்தையோட வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு. பிளக், பேட்டரி, பம்ப்... அந்த மூணு பில்லும் என் நோட்டுல பத்திரமா இருக்கு. கூட்டிப் பார்த்தா வட்டிக்கு நாலு மாசம் தாங்கியிருக்கும்.