ஒத்து ஆடினால் இசை

மான்ட்ரியல் நகரின் கலை வளாகப் பகுதியில் 2011-இல் 21 ஊஞ்சல்களை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ஆட ஆட ஒவ்வொன்றும் சுரங்களை எழுப்பும். ஆனால், சில மெட்டுகள் தனியாள் எவ்வளவு உந்தினாலும் வராது. பக்கத்தில் ஆடுபவரோடு வேகம் ஒத்துப்போனால்தான் பிறக்கும். மூனா அந்த்ராவோஸ், மெலிசா மோன்ஜா இருவரின் இந்த யோசனையை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். முன்பின் அறியாதவர்கள் ஒருவர் காலசைவை மற்றவர் கவனிக்க வைக்கிறதே, எந்த வெண்கலச் சிலை அதைச் செய்தது? பூங்காக்களில் பீடத்துக்கும் கம்பிவேலிக்கும் செலவிடும் நகராட்சிகள், கைபட்டால் ஒலிக்கும் படைப்புகளுக்கும் பணம் ஒதுக்கட்டும். பராமரிப்புத் தொகையையும் அன்றே சேர்த்து ஒதுக்கட்டும். உணரியோ ஒலிபெருக்கியோ பழுதானால் மறுவாரமே சரிசெய்ய ஆள் வேண்டும்.