அடுத்த பாயில் படுத்தவன்

"சாமி, அவன் முகவரி உங்களிடம் இருக்கிறதா?"

ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றிற்குத் திருப்பலி நிறைவேற்றச் சென்று வந்த நாள்களில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நம்மிடம் இவ்வாறு கேட்டான். அவனுக்கு அடுத்த பாயில் படுத்தவனை நற்குடும்பமொன்று தன் வீட்டில் வளர்க்க அழைத்துச் சென்றிருந்தது. அக்குடும்பத்திற்குச் சான்று எழுதிக் கொடுத்தவர் நாமே. ஆயினும் முகவரியைக் குறித்து வைக்கவில்லை. "உனக்கு வேறு நண்பன் கிடைப்பான்" என்று கூறி அனுப்பிவிட்டோம். எவ்வளவு எளிதாகக் கூறினோம்!

அன்னா பிராய்டும் சோபி டான் என்பாரும் 1951-இல் வெளியிட்ட ஆய்வுரையைப் படித்தபோது அச்சிறுவனின் முகம் மீண்டும் நம் முன் நின்றது. 1945 அக்டோபரில், இங்கிலாந்தின் வெஸ்ட் ஹோத்லி என்னும் சிற்றூருக்கு ஆறு யூதக் குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர். எவருக்கும் நான்கு வயது நிரம்பவில்லை. பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்துத் தெரேசியன்ஸ்டாட் முகாமில் ஒன்றாய் வளர்ந்தவர்கள். புதிய இல்லத்தில் விளையாட்டுப் பொருள்களை உடைத்தனர். பேண வந்த பெண்களைக் கடித்தனர், அவர்கள்மீது உமிழ்ந்தனர். தமக்குள்ளோ, தாம் உண்பதினும் அடுத்தவருக்குக் கொடுப்பதையே பெரிதாகக் கருதினர். ஒருவரைப் பிரித்து வைத்தால் ஏனையோர் அமைதியிழந்தனர். உலாவச் சென்ற வேளையில் ஒருவன் கையுறைகளைத் தொலைத்துவிட, மற்றொருவன் தன்னுடையவற்றைக் கழற்றிக் கொடுத்தான். குளிருகிறதென்று முறையிடவே இல்லை.

இந்நட்பு பெரியோரிடம் அன்பு கொள்ளத் தடையாயிற்றோ எனில், இல்லை. அங்கிருந்த ஓராண்டிற்குள் அவர்களையும் நேசிக்கத் தொடங்கினர்.

நம் நாட்டின் இளைஞர் நீதிச் சட்டம் (2015), 44-ஆம் பிரிவில், உடன்பிறந்தோரை இயன்றவரை ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் வைக்குமாறு கூறுகிறது. நன்று. உடன் பிறவாமல் உடன் வளர்ந்தவர்களைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே, இப்போதெல்லாம் சான்று கேட்டு வரும் குடும்பத்தாரிடம், "பிள்ளைக்கு அடுத்த பாயில் படுப்பவன் யார்?" என்று வினவுகிறோம். சிலர் நகைக்கின்றனர். நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நகைக்கவில்லை. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு, இல்லத்தாரின் இசைவுடன், அந்த நண்பனையும் அழைத்து வந்து தம் வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்தார். இருவரும் உறங்கவே இல்லையாம், விடியும்வரை பேச்சுத்தானாம்.